இரைச்சல் வேறு, வீணை வேறு

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், சரவணை ஊரில், தியாகலிங்கத்தின் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் யாரும் இருமக் கூடாது. வெற்றிலை மெல்லலாம். ஆனால் துப்புவதற்கு எழும்பக் கூடாது. தியாகலிங்கம் இசைத்தட்டை வெல்வெற் துணியால் துடைத்து, பாட்டுப்பெட்டியில் வைத்து, ஊசியை இறக்கும்போது அறையில் இருக்கிற நாலைந்து பேரும் மூச்சைக்கூடக் கொஞ்சம் அடக்கிக்கொள்வார்கள். ஊசி தட்டில் பட்டதும் முதலில் ஒரு கரகரப்பு வரும். அதைக் கேட்டதும், முன்பு ஊர்த் தலைமைக்காரராக இருந்த விதானையார் பரராசசிங்கம் கண்ணை மூடுவார். அவர் மூடினால் மற்றவர்களும் மூடுவார்கள்.

தியாகலிங்கத்தின் மனைவி பரிமளம் குசினி வாசலில் நின்று, கண்ணைத் திறந்துகொண்டே கேட்பாள்.

அந்தப் பெட்டியும் நூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகளும் அந்த வீட்டுக்கு வந்தது ஒரு தற்செயல். தெற்கே மாத்தறையில் தியாகலிங்கம் பங்குக்கு ஒரு புகையிலைக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேல் அறையில் இருந்த இந்த ஜப்பான் பாட்டுச் செற்றில் புகையிலைத் தூசி ஏறுகிறது என்று, எழுபத்தொன்பதில் அதை லொறியில் ஊருக்கு அனுப்பிவிட்டார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது அவருடைய தோளில் ஒரு பை மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் மிஞ்சியது, தூசிக்குப் பயந்து அனுப்பிய அந்தச் செற்தான். அதன்பிறகு அவர் பனங்காணியையும் கொஞ்ச வயலையும் பார்த்துக்கொண்டு ஊரோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. வாரத்தில் ஆறு நாள் அவர் சாதாரண மனிதர். ஏழாம் நாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, மாத்தறையில் கல்லாவுக்குப் பின்னால் நின்ற முதலாளி திரும்பி வருவார்.

பரிமளத்துக்கு இது தெரியும். தெரிந்தபடியால்தான் ஐந்து வருடமாக அந்தத் தட்டுகளின் இரைச்சலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவள் இருபத்தொரு வருடம் தபாற் கந்தோரில் ரெலிபோன் ஒப்பரேற்றர். தீவுப்பகுதியின் அழைப்புகள் எல்லாம் அவளுடைய காதுக்குள்ளால் போனவை. கடல்மேல் போகிற தாம்போதிச் சாலையில் உப்புக்காற்றுப் பிடித்த கம்பி கடலை வறுபடுகிற மாதிரிப் பொரியும். மழையில் நனைந்த கம்பி ஒரே சீராக இரையும். பனையோலை விழுந்து தொட்டுக்கொண்டிருக்கிற கம்பி, காற்றடிக்கும்போது மட்டும் கிறீச்சிடும். கம்பி திருத்துகிறவர்கள் சைக்கிளில் ஏறமுன்னம் அவளிடம்தான் கேட்பார்கள்: "அக்கா, எந்தப் பக்கம்?" அவள் இரண்டு தரம் கேட்டுவிட்டு, "மண்டைதீவுப் பக்கம், கடலுக்குக் கிட்ட" என்பாள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அந்த வேலையில் அவள் மனிதர்களைப் பற்றியும் ஒன்று கற்றிருந்தாள். எண்பத்துநாலில் நாகமுத்து என்ற முதிய பெண்ணுக்கு மகன் லண்டனிலிருந்து பேசினான். என்ன அதிசயமோ, அன்றைக்கு லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. "நீ என்ரை மோன் இல்லை. ஆரோ பக்கத்து அறைக்குள்ள நிண்டு கதைச்சு என்னை ஏமாத்திறியள்" என்று நாகமுத்து ரிசீவரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த கிழமை அவன் திரும்ப எடுத்தபோது லைன் முழுவதும் இரைச்சல். மகன் சொன்னதில் பாதி விளங்கவில்லை. நாகமுத்து கண்ணீர் விட்டு, "இதுதான் என்ரை பிள்ளையின்ரை குரல்" என்றாள். பரிமளம் சிரிக்கவில்லை. இரைச்சல் இருந்தால்தான் சிலருக்கு உண்மை மாதிரி இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

சண்டையோடு லைன்கள் அறுந்து, பிறகு அவள் கந்தோருக்குப் போவது கையெழுத்து வைப்பதற்கு என்று ஆகிவிட்டது. காது மட்டும் வேலையை விடவில்லை.

எண்பத்தொன்பது தைப்பொங்கலுக்கு அவளுடைய தம்பி குலசிங்கம் சுவிசிலிருந்து வந்தான். பேர்ண் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் ஐந்து வருடம் நின்று உழைத்தவன். அத்தானுக்கு என்று ஒரு சீடி பிளேயரும் எட்டு சீடிகளும் கொண்டுவந்திருந்தான். பண்ணைத் தாம்போதியில் இந்தியன் ஆமியின் காவல் சென்றியில் பெட்டியை அவிழ்க்கச் சொன்னார்களாம். ஒரு சிப்பாய் சீடியைக் கையில் எடுத்துப் பார்த்து, அதில் தன் முகம் தெரிந்ததும் மீசையை முறுக்கி விட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தானாம். குலசிங்கம் இதை வந்த முதல் நாளே நாலு பேருக்குச் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்காவற்றுறையிலிருந்து றேடியோ திருத்துகிற பஸ்ரியாம்பிள்ளை வந்து, புதுப் பிளேயரைப் பழைய செற்றின் அம்பிளிபயரில் கொழுவிக் கொடுத்தார். தியாகலிங்கத்திடம் இசைத்தட்டாக இருந்த ஒரு வீணைக் கச்சேரி சீடியாகவும் வந்திருந்தது. அதே கல்யாணி ஆலாபனை. முதலில் தட்டைப் போட்டார்கள். பிறகு சீடியைப் போட்டார்கள். சீடி முடிந்ததும் எல்லோரும் விதானையாரைப் பார்த்தார்கள்.

விதானையார் கண்ணைத் திறந்து, சால்வையைச் சரிசெய்தார்.

"இதில உயிர் இல்லை" என்றார். "சுத்தமா இருக்கு, ஓம். ஆசுப்பத்திரி மாதிரிச் சுத்தம். றெக்கோட்டில வீணை மூச்சு விடும். இதில வீணை செத்துப்போய்க் கிடக்கு."

தியாகலிங்கம் தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். குலசிங்கத்தின் முகம் சுருங்கிப்போனது.

"எனக்கு இதுதான் வடிவாக் கேக்குது" என்று குசினி வாசலிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். பரிமளம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் தான் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. ஆனால் சொன்னதை விழுங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"றெக்கோட்டில வீணைக் கம்பி அடங்க முன்னம் இரைச்சல் வந்து மூடிப்போடுது. இதில நாதம் கடைசிமட்டும் போய் முடியுது. விரல் கம்பியில உரசிறது கேக்குது. பின்னால தம்புரா நிக்குது. அந்தத் தட்டில தம்புரா இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

"இஞ்சேரும், தேத்தண்ணியைப் பாரும்" என்றார் தியாகலிங்கம்.

"தேத்தண்ணி அடுப்பில கிடக்கு. கொதிக்கட்டும். அதோட, அந்தத் தட்டில சுருதி ஆடுது. ஒரு சுத்துக்கு ஒருக்கால் மேல போய்க் கீழ வருது. ஐயா மூச்சு எண்டு சொல்லுறது அதைத்தான்."

விதானையார் சிரித்தார். கோபிக்காத சிரிப்பு; அதுதான் கூடச் சுட்டது. "தங்கச்சி, நான் மதராசில மூண்டு மார்கழி நிண்டு கச்சேரி கேட்டனான். நீர் ரெலிபோன் கேட்ட காதை வைச்சுக்கொண்டு—"

"ஓம் ஐயா. அந்தக் காதாலதான் சொல்லுறன். இரைச்சல் எது, குரல் எது எண்டு பிரிச்சுச் சொல்லத்தான் எனக்கு இருபத்தொரு வருசம் சம்பளம் தந்தவை."

குலசிங்கம் துள்ளி எழும்பினான். "பாத்தியளோ! அக்கா சொல்லுறா. தூக்கி எறியுங்கோ அத்தான் உந்தக் கறுப்புத் தட்டுகளை!"

"நீ வாயை மூடு" என்று பரிமளம் அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கும் ஒண்டும் கேக்கேல்லை. புதுசு எண்டபடியால நல்லதெண்டுறாய். முன்னம் ஒரு வயலின் போட்டனீ எல்லே, அது காதைக் கீறினது. உனக்குத் தெரிஞ்சதோ?"

குலசிங்கம் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டான். அன்றைக்கு அந்த அறையில் அவளோடு நிற்க ஒருவரும் மிஞ்சவில்லை.

எல்லோரும் போனபிறகு தியாகலிங்கம் கதிரைகளை இழுத்துச் சுவரோரம் போட்டபடி சொன்னார்: "விதானையாருக்கு ஒண்டைச் சொல்லுறதெண்டால் அதுக்கு ஒரு முறை இருக்கு."

"நான் பொய் சொன்னனானோ?"

"பொய்யோ மெய்யோ, அது வேறை."

"அவர் தலையாட்டேக்க நீங்களும் ஆட்டினியள். கேட்டுப்போட்டு ஆட்டினனீங்களோ, அவர் ஆட்டினதுக்கு ஆட்டினனீங்களோ?"

அவர் கடைசிக் கதிரையைக் கொஞ்சம் பலமாகச் சுவரில் இடித்து வைத்தார்.

குலசிங்கம் மாசி பிறக்க முன்னம் சுவிசுக்குத் திரும்பிவிட்டான். பிளேயர் வீட்டிலேயே நின்றது. விதானையார் ஊருக்குள் ஒரு கதையை நடக்க விட்டிருந்தார். தியாகலிங்கம் வீட்டில் இப்போது ரெலிபோன்தான் சங்கீத வித்துவானாம். சங்கக்கடையில் சீனிக்கு நின்றபோது யாரோ ஒருத்தி அவளைப் பார்த்து, "ஹலோ, ஹலோ, வித்துவானோ கதைக்கிறது?" என்று கேட்டாள். நின்றவர்கள் சிரித்தார்கள். பரிமளம் சீனியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவமானம் அல்ல, அவளுக்கு வந்தது ஆத்திரம். காது கேட்டதை வாய் சொன்னால் அது பகிடியாகிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் அது ஞானமாகிவிடுகிறது. இதை எப்படி ஒத்துக்கொள்வது?

அடுத்த நாள் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு, நேரே பஸ்ரியாம்பிள்ளையின் கடைக்குப் போனாள். அவர் றேடியோ திருத்துவதோடு கோயில் பெருநாட்களுக்கு ஒலிபெருக்கியும் வாடகைக்குக் கொடுக்கிறவர். இரண்டு மைக்கை ஒன்றாக்கி ஒரே அம்பிளிபயருக்கு அனுப்புகிற மிக்ஸர் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது.

"அண்ணை, அந்தப் பெட்டியில ஒரு பக்கம் றெக்கோட்டையும் மற்றப் பக்கம் சீடியையும் குடுக்க ஏலுமோ? ரெண்டும் ஒரே நேரத்தில?"

"ஏலும். ஆனால் ரெண்டு பாட்டும் ஒண்டா வந்தால் சந்தை இரைச்சல் எல்லே?"

"றெக்கோட்டில பாட்டு வேண்டாம். பாட்டு முடிஞ்சாப்பிறகு ஊசி நடுவில ஒரே வட்டத்தில சுத்திக்கொண்டு நிக்குமே, அந்தக் கரகரப்பு மட்டும் வேணும்."

பஸ்ரியாம்பிள்ளை கையிலிருந்த ஈயப்பற்று வைக்கிற கம்பியை மேசையில் வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் பயம் வந்தது.

"தங்கச்சி, விதானையார் என்னைச் சரவணைப் பக்கம் கால் வைக்க விடமாட்டார்."

"நீங்கள் பயப்பிட்டால் பெட்டியைத் தந்திட்டு இருங்கோ அண்ணை. நான் கொழுவிறன்."

"எட, நான் வராமல் விடுவனோ?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

தியாகலிங்கத்திடம் அவள் பாதியைத்தான் சொன்னாள். விதானையார் ஐயா சொன்னது சரியோ, நான் சொன்னது சரியோ என்று ஒருதரம் வைத்துப் பார்ப்போம். முன்னால் ஒரு சேலையைக் கட்டி மறைத்துவிட்டுப் போடுவோம். எது எது என்று அவர் சொல்லட்டும். தியாகலிங்கத்தின் முகம் தெளிந்தது. விதானையாருக்கு இது தோற்கிற விளையாட்டே இல்லை என்பது அவருடைய எண்ணம். அவளுக்கும் புத்தி வரும், ஊர்க்கதையும் அடங்கும். விதானையாரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு நாலு மணிக்கு முன்னறை நிரம்பிவிட்டது. வழக்கமாக வராதவர்கள்கூட விறாந்தையில் நின்றார்கள். செற்றுக்கு முன்னால் பரிமளத்தின் பச்சைச் சேலை ஒன்று கட்டியிருந்தது. சேலைக்குப் பின்னால் பஸ்ரியாம்பிள்ளையும் அவளும். பஸ்ரியாம்பிள்ளை காலையிலேயே வந்து, மீற்றர் வைத்து, தட்டின் சத்தத்தையும் சீடியின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். கூடின சத்தம் எப்போதும் நல்ல சத்தம் மாதிரித் தெரியும், அந்த வஞ்சகம் இதில் இருக்கக் கூடாது என்று பரிமளம் உறுதியாகச் சொல்லியிருந்தாள்.

முதலில் தட்டைப் போட்டார்கள். இரண்டு நிமிடம்.

"றெக்கோட்" என்றார் விதானையார், கண்ணைத் திறக்காமலே.

இரண்டாவதாகச் சீடி.

"உது பிணம்" என்றார். அறை சிரித்தது.

மூன்றாவதாக ஊசி படுகிற 'டக்' வந்தது. கரகரப்பு வந்தது. கரகரப்புக்குள்ளிருந்து வீணை எழும்பியது. விதானையாரின் தலை மெதுவாக ஆடத் தொடங்கியது. வலது கை தொடையில் தாளம் போட்டது. முடிந்தபிறகும் கொஞ்சநேரம் அப்படியே இருந்தார்.

"இது றெக்கோட். சொல்லவும் வேணுமோ? முதல் போட்டதிலும் பாக்க இது திறம். வேறை தட்டுப்போலை. அந்த விரல் கம்பியில உரசிறது கேட்டதோ? கடைசியில நாதம் அடங்கின விதம் கேட்டதோ? உதைத்தான் உயிர் எண்டுறது. உது சீடியில ஒருநாளும் வராது."

பரிமளம் சேலையை இழுத்து விலக்கினாள்.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி அதன் நடுவில், பாட்டெல்லாம் முடிந்த வெறும் வட்டத்தில் நின்றது. சீடி பிளேயரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ரியாம்பிள்ளை இரண்டையும் திரும்ப ஒலிக்கவிட்டு, மிக்ஸரின் ஒரு திருகைத் திருப்பினார். கரகரப்பு மறைந்தது, வீணை மட்டும் நின்றது. அதைப் பழையபடி விட்டு மற்றத் திருகைத் திருப்பினார். வீணை மறைந்தது, கரகரப்பு மட்டும் நின்றது. இரண்டு தரம் அப்படிச் செய்து காட்டினார்.

"ஐயா கேட்ட வீணை சீடியில வந்தது" என்றாள் பரிமளம். "றெக்கோட்டில வந்தது இரைச்சல் மட்டும்தான்."

விதானையார் எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். "வீட்டுக்குக் கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்திற குடும்பமெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு, தியாகலிங்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மற்றவர்களும் செருப்பைத் தேடினார்கள். பஸ்ரியாம்பிள்ளை வயர்களைச் சுருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போய் மன்னிப்புக் கேளும்" என்றார் தியாகலிங்கம்.

"கேக்க மாட்டன்."

"என்னைச் சேத்தெல்லே நாறடிச்சனீர்."

"உங்களுக்கு முழுக்கச் சொல்லாதது பிழைதான். அதுக்கு உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன். அவரிட்டை இல்லை. அவர் கேட்டதை அவருக்குக் காட்டினனான், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. பங்குனி முழுவதும் கணவனும் மனைவியும் அளந்து பேசினார்கள். விதானையார் ஆள் விட்டுச் சொன்னார்: பரிமளம் ஒரு சொல் சொன்னால் போதும், பழையபடி வருவோம். வந்த ஆளைப் பரிமளம் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தாள். "வரச்சொல்லும். தேத்தண்ணி தருவன், வடை சுட்டுத் தருவன். மன்னிப்பு மட்டும் இந்த வீட்டில இல்லை" என்றாள். கோயிலில் சில பெண்கள் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவள் வழக்கமான இடத்திலேயே நின்று கும்பிட்டாள். ஒரு அடி தள்ளி நிற்கவில்லை.

சித்திரையில் ஒரு பின்னேரம் அவள் கிணற்றடியில் நின்றபோது முன்னறையில் வீணைத்தட்டுப் பாடுவது கேட்டது. பாதியில் நின்றது. திரும்பத் தொடங்கியது. திரும்ப நின்றது. அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். தியாகலிங்கம் தனியாகப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"நீர் எனக்கு இதைக் கெடுத்துப்போட்டீர்" என்றார். குரலில் கோபம் இல்லை. "இப்ப எனக்கும் கேக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் சுருதி ஏறி இறங்குது. கேக்காமல் இருக்கப் பாக்கிறன், ஏலாமல் கிடக்கு. மாத்தறையில எல்லாம் போச்சு. இதொண்டு கிடந்தது."

அவள் இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. கெடுக்காமல் விட்டிருக்கலாமோ என்று முதல்தரம் நினைத்தாள். ஆனாலும் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"திரும்பப் போடுங்கோ" என்றாள்.

இரண்டு தரம் கேட்டாள். லைன் எந்தப் பக்கம் பழுது என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். பிறகு தட்டு சுற்றும்போது அதன் விளிம்பைக் குனிந்து பார்த்தாள்.

"சத்தத்தில பிழையில்லை. ஓட்டையிலதான் பிழை. நடு ஓட்டையைச் சரியா நடுவில போடேல்லை, ஒரு மயிரிழை தள்ளிப் போட்டிருக்கிறாங்கள். அதுதான் தட்டு தள்ளாடுது. உங்கடை செற் நல்ல செற். வித்துவானும் நல்லாத்தான் வாசிச்சிருக்கிறார்."

தியாகலிங்கம் அவளைப் பார்த்தார். எழும்பிப் போய், அலுமாரிக்குள் இருந்த சின்ன அரத்தை எடுத்துவந்தார். இசைத்தட்டில் அரம் வைப்பதா என்று கை கூசியது. வைத்தார். ஓட்டை கொஞ்சம் பெருத்தது. இப்போது தட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தலாம். அவர் நகர்த்தினார், அவள் கேட்டாள்.

"உங்கடை பக்கம் ஒரு நூல்… கூடிப்போச்சு. கொஞ்சம் திரும்பி வாங்கோ… இன்னும் ஆடுது… இல்லை, அந்தப் பக்கம்…"

ஒருமணித்தியாலம் சென்றிருக்கும். ஒருதரம் ஊசியை இறக்கியபோது வீணையின் நாதம் அசையாமல் நின்றது. இரைச்சல் இருந்தது, பொரிவு இருந்தது, ஆனால் நாதம் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. தியாகலிங்கம் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"இப்பவும் சீடிதான் எனக்கு வடிவு" என்றாள் பரிமளம். "ஆனால் இது இனிப் பொய் சொல்லாது."

"சரி, சரி. மற்றத் தட்டை எடும்" என்றார் அவர்.

அடுத்த வருடம் ஆனிக்குள் அவர்கள் நாற்பத்துமூன்று தட்டுகளைப் பார்த்துவிட்டார்கள். பலவற்றில் பிழை இல்லை, சிலவற்றைத் திருத்த முடியவில்லை. ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, கறன்ற் போனது. ஆவணியில் இலங்கை ஆமி தீவுக்குள் இறங்கியது. குண்டுச் சத்தத்தோடு ஊர் முழுக்கக் கடல் கடந்து யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. அவர்கள் தட்டும் எடுக்கவில்லை, சீடியும் எடுக்கவில்லை. அரிசி, நாலு உடுப்பு, காணி உறுதிப் பத்திரம். அவ்வளவுதான் சைக்கிளில் ஏறியது.

கோண்டாவிலில் ஒரு வீட்டின் பின்னறையில் நாலரை வருடம் இருந்தார்கள். கறன்ற் இல்லாத பட்டினம். ஒருநாள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது முன்னால் விதானையார் நின்றார். மெலிந்துபோயிருந்தார். பக்கத்தில் நின்றவருக்கு, சரவணையில் ஒருத்தி சேலை கட்டி மறைத்துத் தன்னைச் சோதித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் கண்டுபிடிச்சிட்டன். பொம்பிளை எண்டபடியால விட்டுக்குடுத்தனான்."

"இல்லை ஐயா" என்றாள் பின்னால் நின்ற பரிமளம். "நீங்கள் கண்டுபிடிக்கேல்லை. முதல் போட்டதிலும் பாக்க இது திறம் எண்டு சொன்னனீங்கள்."

வரிசை திரும்பிப் பார்த்தது. விதானையாருக்கு அவளை அடையாளம் காணக் கொஞ்சநேரம் எடுத்தது.

"உமக்கு வாய் இன்னும் குறையேல்லை" என்றார்.

"காதும் குறையேல்லை ஐயா. வீட்டில அவர் சுகமா இருக்கிறார். கோண்டாவிலில, தபாற் கந்தோருக்குப் பின்வீடு. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

அவர் வரவில்லை. ஆனால் அந்தக் கதையை அதன்பிறகு அவர் யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்து மாசியில், சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நாட்களில், வெளியேறப் பாஸ் எடுத்துக் கிளாலிக் கடலால் புறப்பட்டு இருவரும் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு சின்ன வீடு. சுவிசுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று குலசிங்கம் சொன்னான். இந்த வயதில் பனிக்குள் வந்து என்ன செய்ய, இங்கேயே இருக்கிறோம் என்று பரிமளம் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் நல்ல செற் ஒன்றாவது வாங்குங்கோ என்று அவன் எழுதினான்.

கொழும்பின் காலி வீதியில் ஒரு குளிரூட்டிய கடை. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர், வாசலில் நின்ற வெள்ளி நிறச் செற்றைக் கைகாட்டினார். ஐந்து சீடி ஒன்றாகப் போடலாம். முன்பக்கம் முழுவதும் விளக்குகள்.

"அம்மா, இது டிஜிற்றல். குறையே இருக்காது. எல்லாரும் இதைத்தான் வாங்கினம்."

"எல்லாரும் கேட்டவையோ?" என்றாள் பரிமளம். "போடும், கேப்பம்."

அவர் சத்தத்தைக் கூட்டிப் போட்டார். அவள் குறைக்கச் சொன்னாள். இன்னும் குறைக்கச் சொன்னாள்.

"இடப்பக்கத்து ஸ்பீக்கர் மூக்கால பாடுது. கீழ்ச்சுருதி இடிக்குது. விளக்குக்குச் செலவழிச்சதை ஸ்பீக்கருக்குச் செலவழிச்சிருக்கலாம். றெக்கோட் பிளேயர் இருக்கோ?"

விற்பனையாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப ஆரம்மா றெக்கோட் கேக்கினம்?"

"நான் கேக்கிறன்."

"அம்மா, சீடி வந்தாப்பிறகு அதெல்லாம் குப்பை. சத்தமே இரைச்சல்."

"கேட்டனீரோ?"

அவர் விழித்தார். பிறந்ததிலிருந்து இசைத்தட்டு ஒன்றைக் கையால் தொட்டிருப்பாரோ தெரியாது.

"கேக்காமல் சொல்லாதையும். சீடி நல்லதெண்டு ஊர் முழுக்கச் சண்டை பிடிச்சவள் நான். ஆனால் கெட்ட செற்றில போட்டால் சீடியும் கெட்டதுதான். அந்த மூலையில ஒரு கறுப்புச் செற் தூசி பிடிச்சுக் கிடக்கு, அதைக் கொழுவும்."

"அது பழைய மொடல் அம்மா. அதில இவ்வளவு லைற் இல்லை."

தியாகலிங்கம் கடையைச் சுற்றிப் பார்த்து, கணக்காளரின் மேசைக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த கதிரையைத் தூக்கிவந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டார். பரிமளம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் இருந்தாள்.

"அவ சொல்லுறதைச் செய்யும் தம்பி" என்றார் தியாகலிங்கம். "நேரம் செல்லும். நாங்கள் அவசரப்படேல்லை."

பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். விற்பனையாளர் அவர்களைப் பார்த்தார், பரிமளத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து வயரைக் கழற்றத் தொடங்கினார்.